குருமாப் பொடியில் கசகசா

என் கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். போன முறை விடுமுறை முடிந்து அவர் கிளம்பியபோது, அவருக்குப் பிடித்த குருமாவுக்கு நானே மசாலா வறுத்து அரைத்துப் பெட்டியில் வைத்தேன்.

நொச்சிக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மேரி அக்கா, துபாயில் சில வருடம் வீட்டு வேலை செய்தவர். வழியனுப்ப வந்தவர், "வூட்டுக்காரருக்கு இன்னாடி கட்டிக் குடுத்த?" என்றார். மசாலாவில் என்னென்ன போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். கசகசா என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, அங்க அது போதைப்பொருள் கணக்குடி! புடிச்சா ஜெயிலுதான். மொதல்ல வெளிய எடு!"

ஆசையாகச் செய்தது அவர் கைக்கு விலங்காகியிருக்குமே என்று அழுதுவிட்டேன். என் கணவரே பொடியை வெளியே எடுத்து, ஒரு துகளும் ஒட்டியிருக்கக் கூடாதென்று துணிகளையும் உதறி மடித்தார்.

"அழுவாத. நீ போன்ல சொல்லிக்கினே இரு, நான் அங்க ஆக்கிக்கிறேன்."

இப்போதெல்லாம் எதைக் கொடுத்தனுப்பினாலும், அந்த ஊரில் அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே பெட்டியில் வைக்கிறேன். லீவு நாளில் அவர் வீடியோ காலில் குருமா வைப்பார். கசகசாவுக்குப் பதில் முந்திரி. கொதி வந்ததும் போனைச் சட்டியருகே கொண்டுபோய், "வாசனை வருதா?" என்பார்.

"வருது" என்பேன்.