நீள்வட்டத் தொட்டியும் நாற்பது தாய் இறால்களும்

இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்றில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, நான் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாவது நாள். காலை பத்து மணி. மருந்து அளக்கும் ஜாடி என் கையில் காலியாக இருந்தது. எதிரே தொட்டியில் ஒரு தாய் இறால் துள்ளி வந்து சுவரில் மோதியது.

அது புதுத் தொட்டி. மற்றவை எல்லாம் செவ்வகம். மூலையில் அழுக்குத் தேங்கக் கூடாதென்று இதை மட்டும் நீள்வட்டமாகக் கட்டியிருந்தார்கள். அதில் விட்ட நாற்பது தாய் இறால்களுக்குச் செவுளில் நோய் கண்டிருந்தது. ஒரு டன் தண்ணீருக்கு, அதாவது ஒரு கன மீட்டருக்கு, ஐம்பது மில்லி மருந்து. செங்கல்பட்டுக்குக் கிளம்பும்போது மேனேஜர் சொன்னார்: "நீளம் இன்டு அகலம் இன்டு ஆழம். சிம்பிள்மா."

நீளம் ஆறு மீட்டர், அகலம் நான்கு, தண்ணீரின் ஆழம் ஒன்று. இருபத்துநான்கு டன். ஆயிரத்து இருநூறு மில்லியை ஊற்றிவிட்டேன்.

இரண்டாவது இறால் துள்ளியபோதுதான் உறைத்தது. மூலையே இல்லாத தொட்டிக்கு நான்கு மூலைகளுக்கும் சேர்த்து மருந்து ஊற்றியிருக்கிறேன்.

உடனே யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். கால்குலேட்டரில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே தொட்டியைச் சுற்றினேன். ஐந்து நிமிடமாவது போயிருக்கும். ஓர் இறால் பக்கவாட்டில் சாய்ந்தது.

பம்ப் பார்க்கும் கன்னியப்பன் அண்ணன் வந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போய்க் கீது?"

"மருந்து ஜாஸ்தியாயிடுச்சுண்ணா. என் கணக்குத் தப்பு."

"தண்ணியத் தொறந்து வுட்டுறவா?"

"வேணாம், மருந்தும் சேந்து போயிடும். தண்ணி ஏத்திச் சரிபண்ணணும். எவ்ளோன்னுதான் தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. நீள்வட்டம் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. நடுவில் நேர்ச்சுவரும் இரு முனைகளில் அரைவட்டமும் இருந்தால், செவ்வகம் எட்டு, வட்டம் பன்னிரண்டரை, ஆகப் பரப்பு இருபதரைச் சதுர மீட்டர். முழுக்க வளைந்த அசல் நீள்வட்டம் என்றால் பாதி நீளம், பாதி அகலம், பை என்கிற 3.14 ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். பத்தொன்பதுக்குச் சற்றுக் குறைவு. முதலாவது என்றால் மூன்றரை டன் தண்ணீர் சேர்க்க வேண்டும். இரண்டாவது என்றால் ஐந்து டன். குறைவாக விட்டால் இறால் சாகும். கூடுதலாக விட்டால் மருந்து வேலை செய்யாது. சுவரை ஒட்டிப் பைப்புகளும் நிழல்வலையும் மறைத்திருந்ததால் பார்த்து எதுவும் பிடிபடவில்லை.

"அண்ணா, இதுக்குத் தரையில கோடு போட்டப்ப இருந்தீங்களா?"

"இருந்தேனே. மேஸ்திரி ரெண்டு குச்சி நட்டு, கவுற லூசாக் கட்டி, ஒரு கம்பியால இழுத்துக்கினே சுத்தி வந்தாரு. ஒரு குச்சிய நான்தான் புடிச்சிகினு இருந்தேன்."

இரண்டு குச்சி, ஒரு கயிறு. அசல் நீள்வட்டத்தை அப்படித்தான் வரைவார்கள்.

"அஞ்சு டன் விடுங்கண்ணா! தொட்டிச் சுவத்து ஸ்கேல்ல இருபத்தேழு சென்டிமீட்டர் ஏறணும்."

பம்ப் ஓடியது. மேனேஜருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று கேட்டார். பிறகு, "ஃபார்முலா குடுத்தது நான். வந்துடுறேன். ஸ்கேல விட்டு நகராத" என்றார். நகரவில்லை. ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறுவதற்கும் ஒரு யுகம் ஆனது போலிருந்தது. இருபதைத் தாண்டிய பிறகு துள்ளல் குறைந்தது. இருபத்தேழில் அண்ணன் வால்வை மூடினார்.

முப்பத்தேழு பிழைத்தன. மூன்று செத்தன. ரிஜிஸ்டரில் காரணம் எழுதும் கட்டத்தில் "பரப்பளவுக் கணக்கில் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை.

இன்று என் கீழ் ஆறு டெக்னீசியன்கள் இருக்கிறார்கள். தொட்டியின் வடிவத்தைச் சரியாகப் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்வேன். அது யாருக்கும் வந்துவிடும். சந்தேகம் வந்த நொடியில் சத்தமாகச் சொல்வதுதான் வருவதில்லை. அந்த மூன்று இறால்களும் நான் வாயைத் திறக்காமல் நின்ற ஐந்து நிமிடங்களில் செத்தவை என்றே இன்றும் நினைக்கிறேன்.