நான் போட்ட ஒரு டிக்

பட்டம் வாங்கிய கையோடு சமூக சேவைக்குப் போனேன் என்றால் கேட்பவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கணினி படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "என்ன பண்ற?" என்று துளைக்கும் உறவுக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில், பிறப்புப் பத்திரமும் ஐசி என்ற அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு மனு எழுதித் தரும் சின்னச் சங்கம் ஒன்று இருந்தது. மூன்று மாதம் என்று சொல்லிச் சேர்ந்தேன்.

முதல் மாதமே போர்ட் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா தன் மகளோடு வந்தார். கணவர் லோரி ஓட்டுநர். பெண்ணுக்குப் பதினாறு வயது, பிறப்புப் பத்திரமே இல்லை. அடுத்த வருடம் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுத ஐசி வேண்டும். அதற்குப் பிறகு தாதியாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. போராங்கில், அதாவது மனுப் படிவத்தில், பெற்றோர் மணமானவர்களா என்ற கட்டத்தில் டிக் போட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? அக்கா கழுத்தில் தாலி இருந்தது. கோயிலில் மேளம் கொட்டி, ஊரே வந்து சாப்பிட்ட கல்யாணம் என்று அவரே சொல்லியிருந்தார்.

சில வாரங்களில் பதிவிலாகாவிலிருந்து கடிதம் வந்தது: கல்யாணச் சான்றிதழ் எங்கே? அது இல்லை. தாலி ஏறியதோடு கல்யாணம் முடிந்தது என்று இருந்துவிட்டார்கள், பதியவே இல்லை. பெண் பிறந்தபோதும் அதே சான்றிதழைக் கேட்டதால்தான் வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். என்னிடம் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் போட்ட டிக்கினால் அந்தப் பெண்ணின் மனு அப்படியே நின்றுவிட்டது.

அக்கா நீல ஐசிக்காரர், இந்த நாட்டுப் பிரஜை. இனிமேல் கல்யாணத்தைப் பதிந்தாலும், பெண் பிறந்தபோது ஆகாத கல்யாணமாகத்தான் கணக்கு. சட்டப்படி தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால், தாய் வழியில் பெண்ணைப் பதியலாம். பதிவிலாகாவில் திங்கட்கிழமை காலை நேரம் கிடைத்தது. அதே திங்கட்கிழமை சுபாங் ஜெயாவில் புதிதாகக் கிடைத்த ஒரு கம்பெனி வேலையில் நான் சேர வேண்டும். அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமையே கையெழுத்தை வாங்கிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று போர்ட் கிள்ளான் ஃபிளாட்டுக்குப் போனேன்.

"கல்யாணம் ஆகலன்னு நான் எழுதித் தரணுமா? இவரோட இத்தன வருஷமா குடும்பம் நடத்துறேன். அப்ப நான் யாரு லா?"

"சட்டத்துக்கு மட்டும்தான்கா."

"ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. என்ன தெரியும் ஒனக்கு?"

கணவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் பெண் அழுவது கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "கையெழுத்துப் போடுறேன். ஆனா அங்க வந்து என் வாயால சொல்ல மாட்டேன். டிக் போட்டது நீதானே? நீயே வந்து சொல்லு" என்றார்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை. கொமுட்டர் ரயிலில் வீடு வரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அக்கா மேல், அந்தத் தாலி மேல், என் பேனா மேல். கம்பெனிக்கு ஃபோன் செய்து ஒரு நாள் தள்ளிக் கேட்டேன். காத்திருக்க முடியாது, அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். சங்கத்திலிருந்து வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம்தான். அப்படி அனுப்பினால் அக்கா இன்னொருவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், சொல்லமாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

திங்கட்கிழமை அவர்கள் மூவரும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். அக்கா தாலியை ரவிக்கைக்குள் விட்டிருந்தார். கணவர் நடுவில் ஒரு நாற்காலி விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். யார் அப்படி உட்காரச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கவுண்டரில் அதிகாரி கேட்டதும் நான் மலாயில் சொன்னேன்: இவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கணினியில் தட்டிக்கொண்டார். அக்காவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. யாரையோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதைப் போல் இருந்தது.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போக வேறு இடம் இல்லாமல் சங்கத்துக்கே திரும்பிப் போனேன். அடுத்த வருடம் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். லட்சியம் என்றெல்லாம் யாராவது சொன்னால் சிரிப்பு வரும். இன்றும் சில காலைகளில் அந்த மாடிப்படியில் பாதியில் நின்று, இப்படியே திரும்பிவிடலாமா என்று நினைப்பதுண்டு.

அந்தப் பெண் இப்போது தாதிமை படிக்கிறாள். பத்திரத்தை வாங்கக்கூட அக்கா வரவில்லை, மகளைத்தான் அனுப்பினார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கிள்ளானில் ஒருமுறை எதிரே வந்தவர் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் மாதத்துக்கு ஒருவராவது போர்ட் கிள்ளானிலிருந்து வருகிறார்கள். வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிவிட்டு, "அந்த அக்காதான் அனுப்புனாங்க" என்கிறார்கள். "நம்ம வாயால சொல்ல வேணாம், அங்க ஒரு பொண்ணு இருக்கு, அது சொல்லிடும்னாங்க."