ரெண்டு வாரமாகக் காப்பி குடிக்காதவள்

பதினாலு நாள் காப்பியை நிறுத்தியிருந்தேன். முதல் மூன்று நாள் தலைக்குள் யாரோ அம்மி கொத்திக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் கொத்துகிறவன் போய்விட்டான், கல் மட்டும் கிடந்தது. மலையாளத்து ஊரானாலும் எங்கள் வலியசாலைத் தெருவில் விடிந்தால் வீட்டுக்கு வீடு டிகாக்ஷன் இறங்கும் வாசனை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் குடித்தேன். வீட்டுக்காரர் இதற்கு விரதம் என்று பேர் வைத்தார். எந்த சாமிக்கு என்று வேறு கேட்டார்.

பத்து கிலோமீட்டர் என்கிற சாமிக்கு. மியூசியத்து வாசலில் தொடங்கிக் கவடியார் தாண்டிப் போய்த் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். தினமும் என்னோடு ஓடுகிறவள் கரமனைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், நெட்டில் எதையாவது வாசித்துக்கொண்டே இருப்பவள். அவள்தான் சொன்னாள்: "சேச்சி, ரெண்டு வாரம் காப்பி தொடாதீங்க. ஓடற அன்னிக்கு ஒரு கஃபீன் மாத்திரை. காலு தரையில நிக்காது, கேட்டோ." அவளுக்கு மாத்திரை வேண்டாமாம். யோசனை மட்டும்தான் அவளுடையது.

அவள் பேச்சை நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அண்ணா நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. அந்த வருஷத்தை ஓடித்தான் தாண்டுவேன் என்று ஒரு வீம்பு. மெதுவாகப் போனால் அது பின்னாலிருந்து என் புடவையைப் பிடித்துவிடும் போல.

ஓட்டத்தன்று காலை ஐந்து மணிக்கு, வெறும் வயிற்றில், மாத்திரை. வழியில் வெள்ளயம்பலம் வந்ததே தெரியவில்லை. ரோடு பாயைப் போல் தன்னைத்தானே விரித்துக்கொண்டு போயிற்று, மரங்கள் வழிவிட்டன, நான் பறந்தேன், சத்தியமாகப் பறந்தேன். கவடியாரை எட்டும்போது நெஞ்சு முந்திக்கொண்டது. என் கால் ஓரடி வைத்தால் அது மூன்றடி வைத்தது. நின்றேன். நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றேன், வாய்விட்டு.

கரமனைக்காரி என்னைத் தாங்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோனாள். சின்னப் பெண் டாக்டர், மலையாளமும் தமிழுமாகப் பேசினாள். ஈசிஜிக்கு ஒயர்களை ஒட்டிக்கொண்டே கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது? அண்ணாவைச் சொன்னேன். மருந்து ஏதாவது? இல்லை என்றேன். ஓடுவதற்குப் போட்டதை யார் மருந்து என்பார்கள்?

"ஆன்ட்டி காப்பி குடிச்சோ?"

இந்த ஊரில் காலைக் காப்பி என்றால் தோசை, அப்பம், புட்டு எல்லாம் சேர்ந்ததுதான். இங்கேயே பிறந்தவள் நான். எத்தனையோ பேரை அப்படி விசாரித்திருக்கிறேன். ஆனால் பதினாலு நாள் தாகம் காதில் உட்கார்ந்திருந்தது. எனக்கு டம்ளர் மட்டும்தான் கேட்டது.

"இல்லை டாக்டரே. ரெண்டு வாரமாச்சு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ரெண்டு வாரமோ! எதுக்கு?"

"ஓட்டத்துக்கு."

"ஓடறதுக்கு யாராவது பட்டினி கிடப்பாங்களா?"

"பட்டினி எங்கே? தினம் காலம்பற இட்லி சாப்பிடறேனே."

"அப்ப காப்பி குடிக்கறீங்க!"

"சத்தியமா தொடலை!"

கரமனைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "சேச்சி, டாக்டர் டிபனைக் கேக்கறாங்க! டாக்டரே, இவங்க நிறுத்தினது டம்ளர் காப்பி. மாத்திரை நல்லாப் பிடிக்கட்டும்னு..."

"எந்த மாத்திரை?"

இடுப்புப் பையிலிருந்த கஃபீன் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

ஈசிஜிக் காகிதம் மெல்ல நாக்கை நீட்டியது. டாக்டர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலை ஓட்டினாள். அந்த விரலோடு நானும் போனேன்.

"வேகம் ஜாஸ்தி. வேற ஒண்ணும் இல்லை. வெறும் வயிறு, பழக்கம் விட்டுப்போன உடம்பு, அதுல மொத்தமா ஒரு மாத்திரை. ஓடச் சொன்னீங்க, ஓடுது. ஆன்ட்டியைவிட நல்லாவே ஓடுது." அண்ணாவைச் சொன்னதால் அந்த வாரமே ஒரு இதய டாக்டரையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அவரும் அதையேதான் சொன்னார், சிரிக்காமல்.

ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பழம் தின்ன வைத்தார்கள். "என் மெடலும் போச்சு" என்றாள் கரமனைக்காரி. "உன் நெட்டைக் கொண்டுபோய்க் கடல்ல போடு" என்றேன். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிற பஸ் போல, முதலில் குலுக்கம் போயிற்று, பிறகு சத்தம். எந்த எண்ணில் எண்ணிக்கையை விட்டேன் என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு போன் போட்டேன். மீதியை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

"டிகாக்ஷன் போட்டு வையுங்கோ."

"ஏன், விரதம் முடிஞ்சுடுத்தா?"

"முடிஞ்சுடுத்து. தோசையும் வார்க்கணும். எனக்கு ரெண்டு காப்பியும் வேணும்."