தூங்குகிற தெருவுக்கு ஒரு ரம்பம்

"மெஷின்னா சத்தம் போடும்ளா. சத்தம் போடலன்னா அது மெஷினே இல்ல. காலேஜுக்குப் போயி இதத்தான் படிச்சியா?"

பக்கத்து வீட்டு மாமா இப்படிக் கேட்டபோது அவர் இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம், கக்கத்தில் தலையணை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். இரவு ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்து கண்ணயர்ந்திருந்தார். அப்பா வாடகைக்குக் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் அவரை மட்டுமல்ல, தெருவையே எழுப்பி வாசலில் நிறுத்திவிட்டது. சத்தம் இல்லாமல் அறுக்கிற மெஷின் ஒன்று பார்க்கிறேன் மாமா என்று சமாதானம் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் துறைமுக வேலை, மூன்று ஷிப்டு. எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பந்து விளையாடுவதற்கு முன்னால் எந்த மாமாவுக்கு என்ன ஷிப்டு என்று கேட்டுக்கொண்டுதான் இடம் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எங்களுக்கு மரம் அறுக்கிற தொழில்.

கப்பலில் சரக்கு உருளாமல் இருக்க அடியில் கட்டைகள் கொடுப்பார்கள். டன்னேஜ் கட்டை என்று பெயர். சரக்கு இறங்கிய பிறகு கழிக்கும் கட்டைகளை அப்பா வாங்கி வருவார். அம்மா ஆணி பிடுங்குவாள். முற்றத்திலேயே அளவாகத் துண்டுபோட்டுப் பெட்டி செய்கிறவர்களுக்குக் கொடுப்போம். கைரம்பம் இழுத்து இழுத்து அப்பாவின் வலது தோள் மேலே தூக்க முடியாமல் போனது. அதனால்தான் அந்தப் பெட்ரோல் ரம்பம்.

அன்று சாயங்காலமே எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் வந்தார். "இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டா கட்டையெல்லாம் உப்பளத்துப் பக்கம் கொண்டு போயிருங்க. வீடு மட்டும் போதும்னா இருங்க."

உப்பளத்துப் பக்கம் நிழல் கிடையாது, கரண்டு கிடையாது. அம்மா அடுப்பையும் ஆணியையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்வதால்தான் எங்கள் தொழில் ஓடியது. முற்றம் போனால் தொழிலும் போனதுதான். அப்பா என்னைக் காட்டி, "எம்மவ படிச்சிருக்கா. அவ பாத்துக்கிடுவா" என்றார். எங்கள் வீட்டில் மீட்டர் அட்டை வந்தாலும், மாத்திரை வந்தாலும், கோவில் நோட்டீஸ் வந்தாலும் அவர் சொல்வது அதுதான். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

மறுநாள் ஒரு டன்னேஜ் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மெஷின் கடை அண்ணாச்சி பையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, விறகு விக்க வந்தியா?"

"ரம்பம் வாங்க வந்தேன் அண்ணாச்சி. இத அறுத்துக் காட்டுங்க."

"தேங்காயத் தட்டிப் பாத்து வாங்குத மாதிரில்லா வந்து நிக்கா!" என்று கடைப் பையன்களிடம் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் எடுத்துக் காட்டினார். முதலில் பெட்ரோல் ரம்பம். வேண்டாம் என்றேன். பிறகு கரண்டில் ஓடுவது இரண்டு. ஒன்று சங்கிலி ஓடுகிற நீளமான பட்டை, பெரிய மோட்டார். இன்னொன்று என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும்கூட வராத பட்டை.

"பெருச எடு தாயி. தென்னமரத்தையே சாய்க்கலாம்."

"எங்க வீட்ல தென்னமரம் கிடையாது அண்ணாச்சி. கட்டை இவ்வளவு கனம்தான்." கொண்டுவந்த துண்டைக் காட்டினேன். நாள் முழுக்கத் தூக்கி, ஒரு துண்டு போட்டு, கீழே வைத்து, மறுபடி தூக்க வேண்டும். இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். பெரியது மூன்றாவது தடவையே மணிக்கட்டை இழுத்தது. ஒட்டியிருந்த தகட்டில் எத்தனை வாட் என்று படித்தேன். பெரியதைப் போட்டால் எங்கள் வீட்டு ஃபியூஸ் அன்றைக்கே போய்விடும். சின்னதைத் தாங்க, மீட்டரிலிருந்து தடித்த வயர் இழுத்து ஒரு பவர் பிளக் போட்டால் போதும். மாற்றுச் சங்கிலி கடையில் இருக்கிறதா, சங்கிலிக்கு எண்ணெய் எங்கே ஊற்றுவது, கை வழுக்கினால் சங்கிலியை நிறுத்துகிற பிரேக் எது என்று எல்லாம் கேட்டேன். எழுத்தைப் படித்துப் பார்த்து எங்கள் வீட்டில் ஒரு சாமான் வாங்கியது அதுதான் முதல் தடவை.

பிறகு துண்டை அறுத்துக் காட்டினார். சத்தமே இல்லை என்று சொன்னால் பொய். மிக்சியில் தேங்காய் அரைக்கிற சத்தம். விசையை விட்டால் அதுவும் இல்லை. பெட்ரோல் ரம்பம் அறுக்காத நேரத்திலும் உறுமிக்கொண்டே இருக்கும். சின்னதைக் கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டில் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"கயிறு எங்க இருக்குளா? எதப் பிடிச்சு இழுக்க?"

"கயிறு கிடையாதுப்பா. பிளக்கு மாட்டி விசைய அமுக்கணும்."

"இம்புட்டுதானா?" ஏமாந்துபோனவர் மாதிரி கேட்டார்.

பிளக் போட்டு முடித்த அன்றே சோதனை. மாமாவுக்கு இரவு ஷிப்டு. புழுக்கத்துக்கு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவே இடுப்புயரச் சுவர்தான். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் முழித்தே கிடப்பார். அவர் மனைவி, அத்தையிடம் மட்டும் சொன்னேன். அவர் முறத்தை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா ஒவ்வொரு கட்டையிலும் பழைய ரேடியோ காந்தத்தை ஓட்டி, ஆணி மிச்சமில்லை என்று பார்த்துக் கொடுத்தாள். நான் பிடித்தேன், அறுத்தேன். ஒவ்வொரு துண்டு விழுந்ததும் அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். 'தூங்குதாரு' என்று அத்தை கையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் சுவரோரம் தலைகள் சேர்ந்துவிட்டன. "மூக்குல ஈ உக்காந்திருக்குளா, அதுகூட எந்திரிக்கல" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். அத்தையால் அடக்க முடியவில்லை. முறத்திலிருந்த அரிசி சிதறச் சிரித்துவிட்டார்.

மாமா திடுக்கிட்டு எழுந்தார். சுவர் முழுக்கத் தலைகள்.

"என்ன கூட்டம்? அறுக்கப் போறியளா? சொல்லிட்டு ஆரம்பிங்கப்பா, நான் கோயில் பக்கம் போயிப் படுத்துக்கிடுதேன்."

 அறுத்த துண்டுகளை அம்மா கை நிறைய அள்ளிச் சுவர்மேல் அடுக்கினாள். மாமா ஒன்றை எடுத்து அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தார். சூடு ஆறியிருக்காது.

"சரிளா. மெஷினுதான். ஒத்துக்கிட்டேன்" என்றார். "ஆனா உங்க அத்த சிரிக்கதுக்கும் ஒரு மெஷின் பாரு."

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். ஒரு கட்டை அறுத்துக் காட்டினோம். அவர் பேச வாயெடுக்குமுன், "நானே தூங்கிட்டேன் அண்ணாச்சி, உங்களுக்கு என்ன?" என்று மாமா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் கொடுத்தார். கட்டைகள் எங்கள் முற்றத்திலேயே இருந்தன.

ஒரு மாதம் அம்மா நான் அறுப்பதைப் பார்த்துக்கொண்டே ஆணி பிடுங்கினாள். ஒருநாள் காந்தத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது கனமாவே இல்லயேளா. எனக்கும் ஒண்ணு வாங்கு."

வீட்டு லைன் இரண்டைத் தாங்காது. அதனால் நேற்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், தொழிலுக்கென்று தனி மீட்டர் கேட்டு மனு கொடுத்தேன். மீட்டர் யார் பெயரில் என்று கேட்டார்கள். என் பெயரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.