இரண்டு கை வைத்தால் திறக்காத கத்தி

இன்று காலை பொன்னேரியில் கம்பெனி பஸ் ஏறும்போது, கையில் ஒரு பை கொய்யா. பாக்கெட்டில் ஆன்லைனில் வாங்கிய புது மடக்குக் கத்தி. லேசாகத் தள்ளினால் போதும், மீதியை ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான்.

தள்ளினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியும் அசையவில்லை. பஸ்ஸே கொய்யாவுக்காகக் காத்திருந்தது.

பக்கத்து சீட்டில் பேக்கிங் செக்‌ஷன் செல்வி. "இன்னாண்ணா, கத்திகூட குஸ்தி போட்டுக்கினு கீற? குடு இப்டி."

வாங்கி, ஒரே கையில் கட்டைவிரலால் தள்ளினாள். டக்கென்று திறந்தது.

"ரெண்டு கையாலயும் லாக்க அமுக்கிக்கினு இருந்தா எப்டிண்ணா தொறக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷமாக தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை. இரண்டு கையும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எதைத் தொட்டாலும் இப்போது இரண்டு கையும் தானாகப் போகிறது.

செல்வியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் விரல்களைப் பார்த்தாள்.

"பத்தும் கீதே, போதும்ணா" என்று கொய்யாவை நறுக்கி முதல் துண்டை என் கையில் வைத்தாள்.

அந்தப் பத்தாலும்தான் இதை டைப் செய்கிறேன். புதுக் கத்தி சும்மாவே தருகிறேன். ஒரு கையால் வேலை செய்யத் தெரிந்தவர்கள் கமென்ட்டில் வாருங்கள்.