மூக்கி விட்டதும் வீட்டார் விடாததும்

எரிவாயு நிறுவனத்தில் கசிவு பார்க்கும் வேலை அவளுக்கு. கருவி கத்துவதற்கு முன்பே எந்த மூட்டில் கசிகிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் ஆபீசில் ‘மூக்கி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலை முடிந்ததும் தெருமுனையில் சிகரெட், சனிக்கிழமை கணவனோடு பீர், இடையில் கணக்கு வழக்கில்லாமல் காபி. இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கர்ப்பம் உறுதியானது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “சிகரெட், பீர் ரெண்டும் இன்னையோட சரி. காபி மட்டும் ஒரு சின்ன கப் குடிச்சுக்கலாம்.”

“ஒரு கப்போட நிறுத்துற ஆளா நான்? மொத்தமா விட்டுடறேன் டாக்டர்.”

விட்டும்விட்டாள். சில நாள் தலை வெடித்தது. கண்ணில் பட்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். விரலிடுக்கு சும்மா இருக்க மறுத்ததால் கேரட்டாய்க் கடித்துத் தள்ளினாள். அவ்வளவுதான், அவள் பாடு முடிந்தது.

சிக்கலே வீட்டாரின் தியாகத்தில்தான் ஆரம்பித்தது. “நீ மட்டும் ஏன் கஷ்டப்படணும்? நாங்களும் விட்டுடறோம்” என்று கணவன் உணர்ச்சிவசப்பட்டான். சிகரெட்டே கதியென்று இருந்த மாமனார் தலையாட்டினார். காபியைத் தவிர வேறொரு பாவமும் அறியாத மாமியார், தலையாட்டும்போதே கண் கலங்கினார்.

வயிறு பெருக்கப் பெருக்க அவள் மூக்கும் கூர்மையாகிக்கொண்டே போனது. ஒருநாள் காலை, அடுக்குமாடியின் படிக்கட்டில் புகை வாசம். வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது.

“யாரும் லிஃப்ட்ல ஏறாதீங்க! எல்லாரும் வெளிய வாங்க!”

கதவு கதவாகத் தட்டினாள், அபாய மணியை அழுத்தினாள். மொத்தக் கட்டடமும் தெருவில் இறங்கி நின்றது. ஒருவர் பாதி மீசையோடு நின்றார். இன்னொருவர் குளியல் துண்டோடு, கிளிக்கூண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். தீயணைப்பு வண்டியும் அலறிக்கொண்டு வந்துவிட்டது.

கடைசியாகத்தான் அவள் வீட்டார் வந்தார்கள், ஆளுக்கொரு திசையிலிருந்து. மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கணவன், கையில் காபிக் கோப்பை. மீட்டர் அறையிலிருந்து மாமியார், பிளாஸ்க்கைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடி. படிக்கட்டுக்கு அடியிலிருந்து மாமனார். அவர் சட்டைப் பையிலிருந்து மெல்லப் புகை வந்துகொண்டிருந்தது.

“மாமா, பாக்கெட்ல என்ன?”

“ஒண்ணுமில்லம்மா... நெஞ்செரிச்சல்.”

தீயணைப்பு அதிகாரி கடமை தவறாதவர். ஒரு வாளித் தண்ணீரை மாமனாரின் நெஞ்சில் ஊற்றி, “தீ அணைந்தது” என்று குறித்துக்கொண்டு போனார்.

மூக்கிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க தியாகத்த மூட்ட கட்டி வைங்க. காபிய வீட்டுலயே உக்காந்து குடிங்க. சிகரெட் மட்டும் என் பக்கமே வரக்கூடாது.”

மாமனார் அதற்குப் பிறகு சிகரெட் பிடிக்கவே இல்லை. அந்தத் தெருவில் அவர் சட்டைப் பைக்குள் கை விட்டாலே யாராவது வாளியைத் தேடினார்கள். மாமியார் மட்டும் காபி குடிக்கும்போது குற்றவுணர்ச்சியில் மருமகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“இந்தப் பக்கம் திரும்பிக் குடிங்க அத்தை. வாசமாவது வரட்டும்.”

பெண் குழந்தை பிறந்தது. நல்ல தொண்டை. மூக்கி அதன்பின் சிகரெட்டைத் தொடவில்லை. மனவுறுதியா என்று யாராவது பாராட்டப் போனால், “அதுக்கெல்லாம் எங்க நேரம்?” என்பாள், தோளில் ஒன்று வீறிட்டுக்கொண்டிருக்க.