மெய் என்றால் இல்லை

என் வேலைச் சட்டையின் பையில் கசெற் போட்டுக் கேட்கும் ஒரு பழைய வோக்மன் கிடக்கிறது. மூடி உடைந்து ஒட்டுநாடா சுற்றியிருக்கிறேன். காதுக்குச் செருகுவதில் ஒரு பக்கம் செத்துவிட்டது. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பெட்டைகள் இதைக் கண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இது ஹனோவரில் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் என்னோடு சட்டி கழுவிய ஒருத்தியுடையது. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அது தன் பெயரின் ஜெர்மன் உச்சரிப்பு என்று அவள் கொஞ்சக் காலம் நினைத்திருந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் ஆண்டுகள் அவை. வேலைக்குப் போன முதல் நாள் முதலாளியம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து, "சீ லே மா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை, அதற்குள் சீ என்கிறாளே! வீட்டுக்குப் போய் இவரிடம் பொரிந்து தள்ளினேன். "பொறும். அவையின்ரை பாசையிலை அது வேறை ஏதாவதா இருக்கும், விசாரியும்" என்றார். மறுநாள் விசாரித்தேன். அக்கா இரண்டு விரலைக் குச்சிபோல் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சாப்பிட்டாச்சா என்று கேட்பது அவர்களுடைய பழைய வணக்கமாம். "சி லே", சாப்பிட்டாச்சு என்பதுதான் பதில். வயிறு காய்ந்தாலும் அதுதான் பதில். "மெய்" என்றால் இல்லை என்று அர்த்தம், அதை வணக்கத்துக்குச் சொல்லிவிடாதே என்று உடைந்த ஜெர்மனில் எச்சரித்தாள். எங்கள் மொழியில் மெய் என்றால் உண்மை என்றேன். இரண்டு பேரும் சட்டிகளுக்கு நடுவில் நின்று சிரித்தோம்.

நாங்களும் சாப்பிட்டாச்சோ என்று கேட்கிற சாதிதான். ஆனால் இல்லை என்றால் சோற்றுக்கோப்பை வரும். அக்காவின் ஊரிலும் அப்படித்தானாம். முதலாளியம்மாவிடமிருந்து கேள்வி மட்டும் வரும். பொரித்த தாரா இறைச்சியின் மணத்தில் நின்றுகொண்டு நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன பாணைத் தின்போம்.

அக்காவுக்குச் சாப்பாடு அந்த வோக்மன்தான். அதற்குள் இருந்த கசெற்றில் அவளுடைய மகள் புல்லாங்குழல் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா ஜெர்மனிக்கு வரும்போது கையோடு கொண்டுவந்த ஒலிப்பதிவு. பிள்ளை ஒரே மெட்டை வாசிப்பாள், ஓரிடத்தில் தடுக்கி விழுவாள், திரும்ப முதலிலிருந்து எழும்புவாள். தடுக்கும் இடத்தில் அக்காவின் கையும் சட்டியில் நிற்கும், பிறகு அவளோடு சேர்ந்து ஓடும். மலைபோல் குவிந்த சட்டிகள் அப்படித்தான் கரைந்தன. மகள் இப்போது வாசிக்கிறாளா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை, குழலை எப்போதோ விட்டுவிட்டாள் என்றாள். தொலைபேசியில் சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாளாம், அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராதாம். ஆகவே அவளுக்கு மகள் என்று மிஞ்சியது அந்தக் கசெற் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் முதலாளியம்மா கூப்பிட்டது அக்காவின் காதில் விழவில்லை. அவ்வளவுதான். வந்து வோக்மனை வயரோடு பிடுங்கி எடுத்தாள். பாட்டு வாடிக்கையாளருக்கு, சட்டி உனக்கு என்றாள். அன்றிலிருந்து அக்காவின் கை ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் போய்க் கெஞ்சுவாள், ஒவ்வொரு நாளும் பிறகு பார்ப்போம் என்ற பதில் வரும். குவியல் இறங்கவில்லை. நான் பாதியை இழுத்துக் கழுவியும் இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில் முதலாளியம்மா வழக்கம்போல் வாசலில் நின்று, "சி லே மா?" என்றாள். அக்கா அவளை நேராகப் பார்த்து, "மெய்" என்றாள்.

சமையற்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். உணவகம் நடத்துகிறவளின் முகத்துக்கு நேரே சாப்பிடவில்லை என்று சொல்வது செருப்பால் அடிப்பதற்குச் சமம் என்று அவர்தான் பின்னர் எனக்கு விளக்கினார். முதலாளியம்மா உள்ளே போனாள். முந்தின இரவு மேசையில் மீந்த எச்சில் சோற்றை ஒரு தட்டில் வழித்துக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் அக்காவின் கையில் கொடுத்து, முழுதும் தின்னும்வரை நின்று பார்த்தாள். மகளின் குழலைத் திரும்பக் கேட்பதற்காக அக்கா தின்றாள். தின்று முடிந்ததும் முதலாளியம்மா வோக்மனை நீட்டி, நாளையிலிருந்து வராதே என்றாள்.

அக்கா வாசலிலேயே நின்று காதில் செருகினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "மெய் லே" என்றாள். அதாவது, இல்லாமல் போய்விட்டது. நான் வாங்கிக் கேட்டேன். உணவகத்தின் முன்மண்டபத்தில் நாள் முழுக்க ஓடும் சவ்வுமிட்டாய் இசை. அதைப் பதிவு செய்ய வெற்றுக் கசெற் கிடைக்காமல் முதலாளியம்மா பிள்ளையின் குழலுக்கு மேலேயே பதிந்திருக்கிறாள். "முசீக் இஸ்ட் முசீக்" என்றாள் முதலாளியம்மா. பாட்டென்றால் பாட்டுத்தானே என்று அர்த்தம். அக்கா வோக்மனை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனாள். எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு ஆயிரம் வேலை இருக்கும். போன குளிர்காலத்தில் முதலாளியம்மாவை எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. விழுங்க முடியாது, வயிற்றில் குழாய் வைத்து ஊட்டம் இறக்குகிறோம். நான் நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு காலையும் திரைச்சீலையை விலக்கிவிட்டு, "சி லே மா?" என்று கேட்கிறேன். உதடு வறண்டு கிடக்க அவள் மரியாதையாக "சி லே" என்கிறாள். அந்த வாயிலிருந்து ஒரு மெய் வருமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று வோக்மனைக் கொண்டுபோய், உயிரோடிருக்கும் பக்கத்தை அவள் காதில் வைத்தேன். அவளுக்குத் தன் மண்டபம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. போர்வையின் மேல் விரல் தாளம் போட்டது. அந்த இசைக்கு அடியில் எங்கோ ஒரு பிள்ளை தடுக்கி விழுந்து கிடக்கிறாள், இவள் தாளம் போடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிப் பாட்டில் பொத்தானை அமுக்கினேன்.

அவள் காதைத் தடவித் தேடினாள். பிறகு என்னைப் பார்த்து, "மெய் லே" என்றாள்.

"ஓம், மெய்தான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, வோக்மனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.